தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? காட்டுச் சாலை பராமரிப்பு: கேள்வி பதில்

காட்டுக்குள் போகும் பொதுச் சாலைகளைப் பற்றி நிறையப் பேர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மண் சாலை, கிராவல் சாலை (சரளை போட்ட சாலை), வடிகால், கல்வெர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் குழாய்), கிரேடர் (நீளப் பிளேடால் சாலையைச் சீவிச் சமப்படுத்தும் இயந்திரம்) வேலை, சாலையோர மரங்கள் ஆகியவைதான் என் வேலை. நிலத் தகராறு, டெண்டர், எந்த வண்டி வாங்கலாம் என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். கேட்கும்போது சாலையின் சரிவு, மண்ணின் தன்மை, மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். அப்போதுதான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

கேள்வி: சார், எங்கள் காட்டுச் சாலையில் வருடா வருடம் சரளை கொட்டுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனதும் எல்லாம் காணாமல் போய்விடுகிறது. எந்த மாதிரி சரளை போட்டால் நிற்கும்?

பதில்: சரளை அப்புறம். முதலில் நல்ல மழை கொட்டும்போது குடையை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்து பாருங்கள். வெயிலில் பத்து முறை பார்த்தாலும் தெரியாதது ஒரு மழையில் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது இதுதான். சாலையின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு மண் வரப்பு இருக்கும், அதன்மேல் புல் முளைத்து இறுகிப் போயிருக்கும். கிரேடர் பிளேடின் நுனியிலிருந்து வழிந்த மண் வருடக்கணக்கில் சேர்ந்து உண்டான வரப்பு அது. சாலையில் விழும் தண்ணீர் ஓரத்துக்கு வந்து அதில் முட்டும், வெளியேற வழியில்லாமல் திரும்பி வண்டித் தடத்தில் இறங்கும், சரிவோடு நூறு இருநூறு மீட்டர் ஓடும். ஓட ஓட வேகமெடுக்கும். முதலில் பொடி மண்ணை எடுத்துக்கொண்டு போகும், அது போனதும் கல்லைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை என்பதால் கல்லும் உருண்டுவிடும். நீங்கள் கொட்டும் சரளை போவது இப்படித்தான்.

ஆகவே முதல் வேலை அந்த வரப்பை உடைத்து, மண்ணைச் சாலைக்கே இழுத்துப் போடுவது. இரண்டாவது, நடு மேட்டைத் திரும்பக் கொண்டுவருவது. கேம்பர் என்பார்களே, அதுதான். தார்ச்சாலைக்கு 2 சதவீதம் போதும், கிராவல் சாலைக்குக் குறைந்தது 4 சதவீதம் வேண்டும். 6 மீட்டர் அகலச் சாலை என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட 12 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு நீளக் கயிறும் டேப்பும் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். பல சாலைகளில் அளந்தால் நடுப்பகுதிதான் தாழ்வாக இருக்கும்.

இப்போது சரளை. அடித்தளத்துக்குப் போடும் சரளையும் மேல்பரப்புக்குப் போடும் சரளையும் வேறு வேறு. அடித்தளத்துக்குப் பெரிய கல், குறைந்த பொடி. தண்ணீர் உள்ளே இறங்கி வடிய வேண்டும் என்பதற்காக அப்படி. மேல்பரப்பில் கல் சிறியதாக, 20 அல்லது 25 மில்லிமீட்டருக்குள், உடைத்த முனையோடு இருக்க வேண்டும், 8 முதல் 15 சதவீதம் வரை கொஞ்சம் பசையுள்ள நுண்மண்ணும் கலந்திருக்க வேண்டும். அந்தப் பசைதான் கல்லைப் பிடிக்கும். அடித்தளச் சரளையை மேலே கொட்டினால் எத்தனை லோடு கொட்டினாலும் நிற்காது. ஆற்றுக் கூழாங்கல்லும் அப்படியே, உருண்டைக் கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது.

கேள்வி: கிராவல் சாலையில் ஓட்டுவதற்கு பைக்குக்கு எந்த டயர் நல்லது?

பதில்: வண்டிக்காரர்களிடம் கேளுங்கள். நான் சாலைக்காரன்.

கேள்வி: ஓடை குறுக்கிடும் இடத்தில் குழாய் போட்டிருக்கிறது. ஒவ்வொரு பெருமழைக்கும் அடைத்துக்கொண்டு சாலை மேல் தண்ணீர் வருகிறது. பெரிய குழாயாக மாற்றினால் சரியாகுமா? எவ்வளவு பெரியது வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காட்டில் குழாய் தண்ணீரின் அளவால் மட்டும் அடைவதில்லை. பெரும்பாலும் ஒரு கிளைதான் ஆரம்பம். கைத்தடி கனமுள்ள ஒரு கிளை குழாய் வாயில் குறுக்காக மாட்டிக்கொள்ளும். அதில் இலை வந்து ஒட்டும், அதன்மேல் சேறு, அதன்மேல் கல். ஒரு மணி நேரத்தில் வாய் மூடிவிடும். கணக்குப்படி அந்தக் குழாய் இரண்டு மடங்கு வெள்ளத்தைத் தாங்கும் என்றிருக்கும், ஆனால் அந்தக் கணக்கில் மரக்கிளை வராது. ஆகவே ஓடைக் குழாயின் அகலத்தை ஓடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கரை முழுக்க நிரம்பி ஓடும்போது ஓடை எவ்வளவு அகலமோ, குறைந்தது அவ்வளவு அகலம் திறப்பும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஓடையில் மிதந்து வரும் கிளை திரும்பாமல் நேராகவே உள்ளே போய்விடும். மீன்கள் மேலேறிப் போகவும் அதுதான் நல்லது. குழாயின் கீழ்வாய் அந்தரத்தில் தொங்கி, தண்ணீர் அருவியாக விழுந்தால் மீனுக்கு அந்த ஓடை அங்கேயே முடிந்துபோகிறது. பக்க வடிகாலின் தண்ணீரைச் சாலைக்கு அடியில் கடத்தும் சின்னக் குழாய் வேறு விஷயம். அதற்கு 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், குழாய்க்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் மண் இருக்கட்டும், கீழ்வாயில் தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கல் பரப்பி வையுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? எந்தக் குழாயும் ஒருநாள் அடைக்கத்தான் செய்யும். அன்றைக்குத் தண்ணீர் சாலையைத் தாண்டிக் குதித்து அதே ஓடையில் விழுந்தால் சேதம் அந்த இடத்தோடு போகும். ஆனால் சாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் மொத்த ஓடையும் சாலையில் திரும்பி, வண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு அரை கிலோமீட்டர் ஓடி, ஓடையே இல்லாத ஒரு சரிவில் இறங்கும். அந்தச் சரிவு அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததே கிடையாது, அப்படியே வாரிக்கொண்டு போய்விடும். இதைத் தடுக்கச் செய்ய வேண்டியது மிக எளிது. ஓடை கடக்கும் இடத்துக்குச் சற்றே கீழ்ப்பக்கம், சாலைப் பரப்பில் அகலமான ஒரு தாழ்வு. வண்டி மெதுவாக ஏறி இறங்கும் அளவுக்குத்தான், ஆழம் அதிகம் வேண்டாம். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்வில் விழுந்து ஓடைக்கே திரும்பிவிடும். கிரேடர் வந்திருக்கும் நாளிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை.

கேள்வி: சாலை முழுக்க வரிவரியாக மேடு. வண்டியே ஆடிப்போகிறது. கிரேடர் விட்டு சமப்படுத்தினால் சில வாரத்தில் திரும்பவும் வந்துவிடுகிறது. லாரிகளின் ஸ்பிரிங்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா?

பதில்: தகரக் கூரை மாதிரி நெளிநெளியாக வருமே, அதுதானே. ஸ்பிரிங் காரணமில்லை. கீத் மாத்தர் என்பவர் இதை ஆராய்ந்து 1963-இலேயே எழுதியிருக்கிறார். 2007-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மாரிஸும் அவருடைய கூட்டாளிகளும் சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாத சக்கரத்துக்கும் வரி வந்தது. பின்னால் செய்த சோதனையில் சக்கரமே இல்லாமல் ஒரு தட்டையான பலகையை இழுத்தாலும் வந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் பரப்பு சமமாகவே இருக்கும், அதைத் தாண்டினால் வரி தானாக உண்டாகும். அந்த வேகமோ மிகக் குறைவு, நிஜச் சாலையில் யாரும் அவ்வளவு மெதுவாக ஓட்டப்போவதில்லை. ஆகவே வரியை முழுவதுமாக ஒழிக்க முடியாது. தள்ளிப்போடலாம்.

எப்படி என்றால், வரியின் மேட்டை மட்டும் சீவிப் பள்ளத்தில் தள்ளாதீர்கள். பள்ளத்தின் அடி இறுகியிருக்கும், மேலே போட்டது உதிரியாக இருக்கும், அதே இடத்தில் அதே வரி திரும்ப வரும். பள்ளத்தின் அடிமட்டத்துக்கும் கீழே பிளேடை இறக்கி முழுவதையும் வெட்டியெடுத்து, ஈரத்தோடு கலந்து, பரப்பி, ரோலர் விட வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் இதற்கு ஏற்ற நாள். கோடையின் நடுவில் காய்ந்த சாலையில் கிரேடர் விடுவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. நுண்மண்ணெல்லாம் புழுதியாகப் பறந்துவிடும், மிஞ்சுவது உருளும் கல்.

கிரேடரின் வேகமும் முக்கியம். மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் பிளேடே துள்ளித் துள்ளி வரியைத் தானே வெட்டி வைத்துவிடும். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் முடித்தீர்கள் என்று ஓட்டுநரை விரட்டும் மேலதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

லாரிகளைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து மெதுவாக ஓடும் லாரி சாலையை மிகக் குறைவாகவே கெடுக்கும். அமெரிக்க வன சேவை என்ற அரசுத் துறை, ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை மர லாரிகளில் பொருத்தி 1980-களில் சோதித்துப் பார்த்தது.

கேள்வி: புழுதி தாங்க முடியவில்லை. பழைய இன்ஜின் ஆயிலை வாங்கித் தெளிக்கலாம் என்று இருக்கிறோம்.

பதில்: தெளிக்காதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர் இருந்தது. 1970-களில் புழுதியை அடக்க அதன் தெருக்களில் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். அந்த எண்ணெயில் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு கலந்திருந்தது. 1982-இல் விஷயம் வெளியே வந்தது, அதே சமயம் வெள்ளமும் வந்தது, 1983-இல் அரசாங்கமே ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. அந்த ஊர் இன்று இல்லை. எல்லா ஆயிலிலும் டையாக்ஸின் இருக்காதுதான், ஆனால் பழைய ஆயிலில் கன உலோகங்கள் இருக்கும், அடுத்த மழையில் அத்தனையும் ஓடைக்குத்தான் போகும்.

கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பரப்பை நனைத்து வைத்திருக்கும். காகித ஆலையில் துணைப்பொருளாக வரும் லிக்னின் கரைசலும் உண்டு, அது மண்ணை ஒட்டவைக்கும். குளோரைடைக் காட்டில் பயன்படுத்தும்போது ஓடைக்கு அருகே நிறுத்திவிடுங்கள். அளவு மீறினால் ஓரத்து மரங்கள் கருகும், உப்பை நக்க விலங்குகள் சாலைக்கு வரும். குடியிருப்பு, பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் மட்டும் போட்டு, மற்ற இடத்தில் வேகத்தைக் குறைப்பதே போதும்.

கேள்வி: பக்க வடிகாலை ஒவ்வொரு வருடமும் மண் தெரியும் அளவுக்குச் சுத்தமாகச் சுரண்டிவிடுகிறோம். ஒரு புல் இருக்காது. சரிதானே?

பதில்: இல்லை. உழைப்பும் வீண், ஓடைக்கும் கேடு.

சுரண்டிய வடிகாலில் பச்சை மண்தான் இருக்கும், முதல் மழையிலேயே அது ஓடையில் சேறாக இறங்கும். அமெரிக்காவின் ஓரிகான் கடற்கரை மலைகளில் சார்லஸ் லூஸ், தாமஸ் பிளாக் இருவரும் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், வடிகாலையும் மேல்சரிவையும் செடிகொடி இல்லாமல் சுரண்டிய சாலைப் பகுதியிலிருந்து, செடியை விட்டுவைத்த பகுதியைவிட ஏறக்குறைய 7 மடங்கு வண்டல் வந்தது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சுரண்டும்போது மேல்சரிவின் அடிக்காலையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். அடிக்கால் போனால் மேலே இருக்கும் மண் சும்மா இருக்காது, சரிந்து வடிகாலிலேயே விழும். அடுத்த வருடம் அதையும் அள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் வெட்டுவோம். முடிவில்லாத வேலை.

தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கை வைக்காதீர்கள். அடைத்த இடத்தை மட்டும் மண்வெட்டியால் எடுங்கள். புல் இருக்கட்டும்.

கேள்வி: குழிகளில் எந்தச் சரளையைப் போட்டால் நிற்கும்?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். குழி வருவதே அங்கே தண்ணீர் நிற்பதால்தான். கேம்பர் இல்லாத இடத்தில் எதைப் போட்டாலும் நிற்காது.

கேள்வி: ஐயா, இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? மொத்தச் சாலைக்கும் தார் போட்டுவிட்டால் புழுதி, வரி, குழி எல்லாப் பிரச்சினையும் ஒரே நாளில் தீர்ந்துவிடுமே.

பதில்: தீராது. தார் என்பது மேலே ஒரு தோல், அவ்வளவுதான். பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் அடுக்கு, அதைக் கெடுப்பது தண்ணீர். வடிகால் சரியில்லாத கிராவல் சாலையின் மேல் தார் போட்டால் வடிகால் சரியில்லாத தார்ச்சாலைதான் கிடைக்கும். கிராவல் சாலை கெட்டால் கிரேடர் வந்து ஒரு நாளில் சரிசெய்யும். தார் உடைந்தால் கிரேடரும் விட முடியாது, ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மரக்கூரைக்குக் கீழே சாலை காய்வதற்கே நாளாகும், வேர்கள் தாரைத் தூக்கும். தோல் மெல்லியதாக இருந்து மேலே மர லாரி ஓடினால் கேட்கவே வேண்டாம். 1958 முதல் 1960 வரை இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகே தனியாகச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு. அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் தோராயமாக 16 மடங்கு.

கேள்வி (அதே நண்பர்): சொல்வது எளிது ஐயா. நகரத்தில் இருப்பவர்களுக்கு வழவழப்பான சாலை, காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் புழுதியா? பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் வரவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கிரேடர் வந்து பல மாதம் ஆயிற்று. தார் போட்டால் ஐந்தாறு வருடமாவது தாங்கும், அதற்குள் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறோம்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆம்புலன்ஸ் வர முடியாத சாலை பொதுச் சாலையே இல்லை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் நீங்கள் கேட்பதிலேயே பிரச்சினை தெரிகிறது பாருங்கள். பராமரிக்க ஆள் வராததால் தார் கேட்கிறீர்கள். பராமரிக்க ஆள் வராத தார்ச்சாலைதான் எல்லாவற்றிலும் மோசம். அடைத்த கல்வெர்ட்டைத் தார் திறக்காது. ஐந்தாறு வருடம் என்கிறீர்கள், வடிகால் இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் உடைந்து, மூன்றாவதில் குழி விழுந்து, ஆம்புலன்ஸ் முன்பைவிட மெதுவாகத்தான் போகும். நீங்கள் கேட்க வேண்டியது, மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை கிரேடர், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கல்வெர்ட்டுகளைப் பார்க்க ஒரு ஆள். இதை எழுத்தில் வாங்குங்கள். தாருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

கேள்வி (வேறொருவர்): தார் வேண்டவே வேண்டாம் சார். தார் போட்டதும் வேகம் கூடும், மானும் காட்டுப்பன்றியும் அடிபட்டுச் சாகும். சொல்லப்போனால் காட்டுச் சாலைகள் எல்லாவற்றையும் மூடிவிடுவதே நல்லது.

பதில்: முதல் பாதி சரி. கிராவலில் காய்ந்த நிலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, ஓட்டுநர் பார்த்து பிரேக் அடித்து நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் ஆகும். 60-இல் 60 மீட்டர். தாழ்த்திய முகப்பு விளக்கு காட்டும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் வேகம் போனால் விலங்கைப் பார்க்கும்போதே காலம் கடந்துவிட்டது. தாரில் பிரேக் நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் அங்கே யாரும் 60-இல் போவதில்லையே. பெரிய நெடுஞ்சாலை தவிர்க்கவே முடியாத இடத்தில் வேலியும் விலங்குப் பாலமும் சேர்த்துப் போட வேண்டும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் அப்படிச் செய்ததில் விலங்கு மோதல்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்டைப் பூட்டிவிட்டுப் போனால் சாலை காடாகிவிடாது. கல்வெர்ட் அங்கேயே இருக்கும், பார்க்க ஆள் இருக்காது, ஒரு மழையில் அடைத்துக்கொள்ளும், மேலே சொன்ன மாதிரி ஓடை திரும்பும். மூடுவதென்றால் முறையாக மூட வேண்டும். குழாய்களைத் தோண்டி எடுத்து, ஓடையின் பழைய வடிவத்தை மீட்டு, இறுகிய பரப்பைக் கிளறி, சரிவை முன்பிருந்தபடி நிரப்ப வேண்டும். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவை 1978-இல் விரிவாக்கியபோது சேர்ந்த பழைய மரவெட்டுச் சாலைகளில் இந்த வேலையைத்தான் செய்தார்கள். இன்னொன்று, காட்டுத்தீ வந்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாகப் போகும், உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள்?

கேள்வி (தார் கேட்ட நண்பர்): அப்படியானால் தார் எங்குமே கூடாது என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. ஓடையைக் கடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு ஐம்பது மீட்டர் தாரோ கான்கிரீட்டோ போடுவதை நானே பரிந்துரைப்பேன். சாலைச் சேறு ஓடையில் நேராக இறங்குவது அந்தத் துண்டிலிருந்துதான். லெஸ்லி ரீட், தாமஸ் டன் இருவரும் வாஷிங்டன் மாநிலத்தின் கிளியர்வாட்டர் பகுதியில் அளந்து 1984-இல் எழுதினார்கள், லாரிகள் நிறைய ஓடும் காட்டுச் சாலை, கைவிடப்பட்ட சாலையைவிட 130 மடங்கு வண்டலைக் கொடுக்கிறது என்று. அப்புறம் சரளை நிற்காத செங்குத்தான ஏற்றம், கொண்டை ஊசி வளைவு, குடியிருப்புக்கு முன்னால். இந்த இடங்களில் போடுங்கள், அதுவும் வடிகால் வேலை முடிந்த பிறகு. உங்கள் சாலையில் ஆம்புலன்ஸ் திணறும் இடங்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள், அநேகமாக இப்படிப்பட்ட நாலைந்து துண்டுகள்தான் இருக்கும்.

கேள்வி: கான்கிரீட் போடலாமா? முழுச் சாலைக்கும்?

பதில்: மேலே தாருக்குச் சொன்னதெல்லாம் இதற்கும்தான்.

கேள்வி: ஆயில் வேண்டாம் என்றீர்கள். டீசல் கலந்து தெளித்தால்?

பதில்: வேண்டாம். ஆயில், டீசல், மண்ணெண்ணெய், எதுவும் வேண்டாம். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: தார் சண்டையில் என் கேள்வி அமுங்கிப்போய்விட்டது சார். மலைப்பகுதியில் சாலையின் வெளி ஓரத்தில் வளைவாக ஒரு விரிசல். விரல் நுழையும் அளவு. வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. மண் போட்டு மூடிவிடலாமா?

பதில்: இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். மூடாதீர்கள். இன்றே கனரக வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள், மற்ற வண்டிகள் மலைப் பக்கமாக ஒட்டிப் போகும்படி கல்லோ டிரம்மோ வையுங்கள், பொறுப்பான பொறியாளருக்கு உடனே தகவல் கொடுங்கள்.

வெளி ஓரத்தில் இரண்டு முனையும் பள்ளத்தாக்கைப் பார்த்து வளையும் விரிசல் என்றால், அதற்குள் இருக்கும் மண் மொத்தமாக நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு முளை அடித்து, இடைவெளியை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த விரிசலுக்குள் மழைத்தண்ணீர் போகாதபடி மேலே தார்ப்பாய் போட்டு, சாலைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள்.

காரணம் அநேகமாக இதுதான். மலையை வெட்டிச் சாலை போட்டபோது வெட்டிய மண்ணையும் மரத்துண்டுகளையும் வெளிப்பக்கம் தள்ளி, அதன்மேலேயே சாலையை அகலப்படுத்தியிருப்பார்கள். உள்ளே புதைந்த மரம் பத்து இருபது வருடத்தில் மக்கும், மக்கிய இடம் காலியாகும், ஒரு பெருமழையில் மொத்தமும் இறங்கும். சாலைக்கு அடியில் மரத்தையோ கிளையையோ புதைக்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். சரிந்து விழும் மண்ணை அள்ளி வெளிப்பக்கம் தள்ளுவதும் இதே தவறு, அந்த ஓரத்துக்குப் பாரம் கூடிக்கொண்டே போகிறது. மண்ணை லாரியில் ஏற்றிச் சமமான இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

கேள்வி: சாலையின் இரு பக்கமும் எத்தனை மீட்டருக்கு மரம் வெட்டலாம்? வெயில் பட்டால் சாலை சீக்கிரம் காயுமல்லவா?

பதில்: காயும், உண்மைதான். அதற்காக மீட்டர் கணக்கில் ஒரே சீராக வெட்டித் தள்ளாதீர்கள். ஒவ்வொரு மரமாகப் பாருங்கள். காய்ந்த மரம், அடியில் காளான் வந்த மரம், வேர்ப்பக்கம் மண் எழும்பிச் சாலைப் பக்கம் சாய்ந்த மரம், இவற்றை எடுங்கள். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் திருப்பத்தில் தாழ்ந்த கிளைகளைக் கழியுங்கள். வெளிச்சரிவில் இருக்கும் நல்ல மரங்களைத் தொடாதீர்கள், அந்த வேர்கள்தான் சாலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முழுவதும் திறந்துவிட்டால் களைச்செடியும் இளம்புல்லும் மண்டும், புல்லைத் தேடி விலங்குகள் சாலைக்கே வரும். எந்த மரமானாலும் அனுமதி வாங்கிக்கொண்டுதான்.

கேள்வி: கிரேடர் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும்போது கழுவ வேண்டும் என்று ஒருவர் சொன்னார். இது தேவையா?

பதில்: மிகவும் தேவை, அந்த ஒருவருக்கு என் நன்றி. களை விதை சேற்றோடு ஒட்டிக்கொண்டு போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து நோய். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக்காடுகள் பட்டுப்போய்க்கொண்டே இருந்தன, 1960-களில்தான் காரணம் தெரிந்தது: பைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற மண்வாழ் நுண்ணுயிர், வேரை அழுகவைப்பது. சாலைக்கு எடுத்த சரளையிலும் வண்டிச் சேற்றிலும்தான் அது இடம்விட்டு இடம் போனது. ஓரிகான், கலிஃபோர்னியா பகுதிகளில் போர்ட் ஆர்ஃபோர்ட் சிடார் மரத்தைக் கொல்லும் அதன் உறவு நுண்ணுயிருக்காக, மழைக்காலத்தில் சில காட்டுச் சாலைகளையே மூடுகிறார்கள். ஆகவே பிளேடு, டயர், அடித்தகடு எல்லாவற்றிலும் ஒட்டிய மண்ணை முதலில் காய்ந்த நிலையில் தட்டி எடுத்து, அப்புறம் கழுவுங்கள். கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகக் கூடாது. சரளை எடுக்கும் குவாரி சுத்தமானதா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: சாலை வனத்துறைக்குச் சொந்தமா, ஊராட்சிக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஆவணம் பார்க்கும் அலுவலகத்தில் கேளுங்கள். எனக்குச் சம்பந்தமில்லாதது.

கேள்வி: எங்கள் சாலையில் சரளை நிற்கவே மாட்டேன் என்கிறது, எந்தச் சரளை...

பதில்: முதல் பதில். தயவு செய்து மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். ஓரத்து வரப்பை உடைத்தீர்களா, கேம்பர் அளந்தீர்களா? இரண்டும் செய்துவிட்டு எழுதினால் கண்டிப்பாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் சில பேர் தன்னார்வமாக மழைக்காலத்தில் சாலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்களிடம் இயந்திரம் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இயந்திரம் இல்லாமலே பாதி வேலை முடியும். மண்வெட்டி, நீளப் பல் வாரி, அரிவாள், கைரம்பம், டார்ச், தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் சட்டை. முதல் வாரம் எதையும் தொடாமல் சாலை முழுக்க நடந்து ஒவ்வொரு கல்வெர்ட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, பக்கத்து மரத்திலோ கல்லிலோ பெயிண்டால் எழுதிவிடுங்கள், ஆணி வேண்டாம். ஒரு நோட்டில் எந்த எண், வாய் எந்தப் பக்கம், எவ்வளவு அடைப்பு, அடைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று குறியுங்கள். ஓடை சாலையில் திரும்பக்கூடிய எண்களுக்குச் சிவப்புக் குறி. மழை வலுக்கும்போது முதலில் போக வேண்டியது அந்தச் சிவப்பு எண்களுக்குத்தான்.

அடைப்பை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. மேல்பக்கம் தண்ணீர் குளமாகத் தேங்கி, குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தால் யாரும் அதில் இறங்கக் கூடாது. அடைப்பு விடுபட்ட நொடியில் ஆளையே இழுத்துவிடும். கரையில் நின்று வாரியால் இழுத்துப் பாருங்கள், வராவிட்டால் விட்டுவிட்டுச் சாலையை இரண்டு பக்கமும் மறித்து வண்டிகளை நிறுத்துங்கள். தனியாக யாரும் போகாதீர்கள். எடுத்த கிளையையும் சேற்றையும் மேல்பக்கமே குவித்துவிட்டு வராதீர்கள், அடுத்த மழையில் அதுவே திரும்ப வாயில் வந்து உட்காரும், தண்ணீர் எட்டாத இடத்தில் கீழ்ப்பக்கம் கொண்டுபோய்ப் போடுங்கள். நோட்டின் ஒரு பிரதியைக் கிரேடர் அனுப்பும் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், சிவப்பு எண்களில் அந்தத் தாழ்வை வெட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.